பட்டன் தேயத் தேய: மணலி சாலையில் சுழன்ற ஒரு கார்

2024 அக்டோபர் நடுவில் சென்னையில் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். மழை விட்ட மறுநாள் காலை, திருவொற்றியூரில் இருக்கும் என் வீல் அலைன்மென்ட் கடை வாசலில் ஒரு சிவப்பு ஹேட்ச்பேக் ரெக்கவரி வண்டியிலிருந்து இறங்கியது. பின்பக்க வலது ரிம் நெளிந்து, டயரில் காற்று இல்லை. பம்பரின் ஓரத்தில் மீடியன் கல்லின் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. ஓட்டி வந்த தம்பிக்குக் கீறல்கூட இல்லை, அதுவே பெரிய நிம்மதி.

அவர் நான்கு வருடமாக என்னிடம் வருபவர். காரை உயிராக வைத்திருப்பார். வருடத்துக்கு மூன்று நான்கு முறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் போய் ஓட்டுவார். சாதாரண டயர் வேண்டாம் என்று காசு சேர்த்து பெர்ஃபார்மன்ஸ் டயர் நான்கையும் ஒரே நேரத்தில் போட்டவர். இறங்கியதும் அவர் சொன்னது இதுதான்:

"அண்ணா, டயர் சூப்பரா இருந்துச்சு. போன மாசம் டிராக்ல என்னோட பெஸ்ட் டைமே இதே டயர்லதான் வந்துச்சு. தேயத் தேய இன்னும் நல்லாத்தான் புடிச்சுது. எப்படி விட்டுச்சுன்னே புரியல."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் உணர்ந்ததும் உண்மை, கார் சுழன்றதும் உண்மை. இரண்டும் ஒரே டயரில் எப்படி நடக்கும் என்பதைத்தான் அடுத்த மூன்று வாரம் நாங்கள் இருவரும் தேடினோம். அதில் என் கடையின் பங்கும் இருந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அன்று நடந்தது

காலை ஏழு மணி. மணலி விரைவுச் சாலையில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டைத் தாண்டிய நேரான பகுதி. மழை இல்லை, லேசான வெளிச்சம். வேகம் 75, 80 இருக்கும் என்றார். முன்னால் ஒரு கன்டெய்னர் ட்ரெய்லர். அதைக் கடக்க வலது பக்கம் விலகினார். பக்கத்து வரிசைக்குள் நுழைந்து ஸ்டியரிங்கை நேராக்கும்போது, பின்பக்கம் மட்டும் வலது பக்கமாக நழுவ ஆரம்பித்தது. பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். கார் முழுதாகச் சுழன்று பின் சக்கரம் மீடியனில் மோதி நின்றது.

அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்களும் மணலியிலிருந்து வரும் டேங்கர் லாரிகளும் இரவு பகலாக ஓடுவதால், சக்கரம் உருளும் இடம் தார் அமுங்கி இரண்டு வாய்க்கால் மாதிரி ஆகியிருக்கும். மழை விட்டாலும் அந்தத் தடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். மேலோட்டமாகப் பார்த்தால் சாலை காய்ந்தது போலத் தெரியும்.

முதலில் எண்ணெய்ப் படலமாக இருக்குமோ என்று யோசித்தேன். பல மாதம் காய்ந்த சாலையில் விழும் முதல் மழைதான் எண்ணெயையும் தூசியையும் மேலே கிளப்பி வழுக்க வைக்கும். இங்கே இரண்டு நாள் மழை சாலையைக் கழுவி விட்டிருந்தது, அதனால் அது இல்லை. ஷாக் அப்சார்பர், பேரிங், பிரேக் மூன்றையும் பார்த்தேன், எதிலும் குறை இல்லை. மிச்சமிருந்தது டயர்தான்.

டெப்த் கேஜ் சொன்னது

இந்த டயர்கள் புதிதில் 8 மி.மீ. பட்டன் ஆழத்தோடு வந்தவை. (கார் டயரில் சாலையைத் தொடும் மேட்டு ரப்பரான டிரெட்டையும் எங்கள் கடையில் பட்டன் என்றே சொல்லிப் பழக்கம்; பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளம் காடி.) அன்று டெப்த் கேஜ் என்ற ஆழம் அளக்கும் கருவியில் பார்த்தபோது முன் டயர்கள் இரண்டிலும் 3.6 மி.மீ. இருந்தது. பின் டயர்களில் நடுவில் 2.6. பின் வலது டயரின் உள் ஓரத்தில் 2.1 மட்டும்.

கார் டயருக்குச் சட்டம் கேட்பது 1.6 மி.மீ. காடிக்குள் அங்கங்கே சிறு மேடு போல இருக்கும் தேய்மானக் குறி அந்த அளவைக் காட்டத்தான். ஆக, நான்கு டயரும் சட்டப்படி சரி. எந்தச் சோதனையிலும் தேறியிருக்கும்.

காற்று: முன்னால் 29 பி.எஸ்.ஐ., மோதலில் தப்பிய பின் இடதில் 26. இந்த வண்டிக்குச் சொல்லியிருப்பது 33. கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. டிராக்கில் சில சுற்று ஓடியதும் டயர் சூடேறி அழுத்தம் ஏறும், அப்போது கொஞ்சம் காற்றை இறக்கி விடுவார்கள். தம்பியும் இறக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து டயர் ஆறினதும் அழுத்தம் எவ்வளவு கீழே போகும் என்பதை யோசிக்கவில்லை. அப்புறம் மழைக் குளிர் வேறு.

சைடுவாலில் இருந்த தேதி எண் 2420. அதாவது 2020ஆம் ஆண்டின் 24ஆவது வாரம் செய்தது. நான்கு வயது தாண்டிய ரப்பர். ரப்பரின் கடினத்தைப் பார்க்கும் சிறு கருவியை அழுத்திப் பார்த்ததில் 74 காட்டியது. அதே மாடல் புது டயரில் பின்னால் பார்த்தபோது 66. எண் ஏற ஏற ரப்பர் கெட்டி.

அடுத்து என் கடையின் பதிவேடு. ஜூன் மாதம் இந்த வண்டிக்கு டயர் ரொட்டேஷன், அதாவது முன் பின் டயர்களை இடம் மாற்றுவது, செய்திருக்கிறோம். அப்போது முன்னால் 3.2, பின்னால் 4.5. முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் முன் டயர்கள் சீக்கிரம் தேயும். எல்லாம் சமமாகத் தேயட்டும் என்று முன்னாலிருந்த இரண்டையும் பின்னால் போட்டோம். புத்தகப்படி செய்த வேலை. ஆனால் மழைக்காலத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது, தேய்ந்த ஜோடியைப் பின்னால் போட்டவன் நான்தான். அந்த எண்களைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

காய்ந்த சாலையில் தேய்ந்த டயர் ஏன் நன்றாக இருக்கிறது

தம்பியின் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். பள்ளிக்கூட அழிப்பான் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று நீளமானது, இன்னொன்று பாதி தேய்ந்தது. நிமிர்த்தி வைத்து மேசையில் அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் நீளமானது முதலில் வளையும், பிறகுதான் நகரும். குட்டையானது வளையாமல் அப்படியே நிற்கும்.

டயரின் பட்டன் ஒவ்வொன்றும் இப்படி ஒரு அழிப்பான்தான். 8 மி.மீ. உயரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பட்டன் முதலில் நெளியும், அதற்குப் பிறகே கார் திரும்பும். 4 மி.மீ.க்கு வந்துவிட்டால் அந்த நெளிவு வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்டியரிங் சொன்ன உடனே வண்டி கேட்கும். நெளிவு குறைந்தால் உள்ளே உண்டாகும் சூடும் குறையும், அதனால் டிராக்கில் டயர் சீக்கிரம் வெந்துபோகாது. காய்ந்த டிராக்கில் போட்டியிடுபவர்களில் சிலர் புது டயரையே இயந்திரத்தில் கொடுத்துச் சீவிப் பட்டனைக் குறைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

தம்பி உடனே கேட்டார்: "அப்ப ரேஸ் கார்ல பட்டனே இல்லாம ஓட்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை. ரேஸ் ஸ்லிக் என்பது பிறக்கும்போதே மொழுக்கென்று பிறந்தது. அதன் மேலே இருப்பது புதிய, மென்மையான, அந்த ஓட்டத்துக்கென்றே கலந்த ரப்பர். மழை வந்தால் அவர்களும் அதைக் கழற்றிவிட்டுக் காடி போட்ட டயருக்கு மாறிவிடுவார்கள். நம் மொட்டை டயரில் மிச்சமிருப்பது பல வருட வெயிலும் சூடும் தின்ற ரப்பர். பல டயர்களில் மேல் அடுக்கு ஒரு கலவை, அதற்கு அடியில் வேறு கலவை. அடியில் இருப்பது சூட்டைக் குறைக்கவும் உள் அடுக்கோடு ஒட்டிப் பிடிக்கவும் வைத்தது, சாலையைப் பிடிக்க வைத்ததில்லை. மொட்டையாக்கினால் அதன் மேல்தான் ஓட்டிக்கொண்டிருப்போம்.

திருவொற்றியூர்க்காரனாக இங்கே ஒன்று சொல்ல ஆசை. 1946இல் எம்.ஆர்.எஃப். ஒரு பொம்மை பலூன் கொட்டகையாகத் தொடங்கியது எங்கள் ஊரில்தான். 1961இல் டயர் தொழிற்சாலை வந்தது. கொஞ்சம் மேலே போனால் சோழவரம், பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த இடம். ரப்பர் வாசனையும் ரேஸ் பேச்சும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. அதனாலேயே "மொழுக் டயர்தான் புடிக்கும்" என்ற பாதி உண்மையும் இங்கே டீக்கடை வரைக்கும் புழங்குகிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, தம்பிக்குப் புரிய வைக்க எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். ஸ்டியரிங் கூர்மை வேறு, பிடிப்பு வேறு. பட்டன் குறைந்தால் கை உணரும் கூர்மை கட்டாயம் கூடும். மொத்தப் பிடிப்பு அதே அளவு கூடும் என்று சொல்ல முடியாது. பட்டன் குறைவதால் கிடைக்கும் லாபத்தை, ரப்பர் கெட்டியாவதால் வரும் நஷ்டம் தின்றுகொண்டே போகும். ரப்பரில் கலந்திருக்கும் எண்ணெய்கள் சூட்டிலும் காலத்திலும் வெளியேறுகின்றன. காற்றிலிருக்கும் ஆக்சிஜன் ரப்பரை இறுக்குகிறது. டிராக்கில் வெந்து ஆறும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் இறுகுகிறது. பட்டன் தேய்வது கிலோமீட்டர் கணக்கு. ரப்பர் இறுகுவது சூடு, வருடம் இரண்டின் கணக்கு. வீட்டு வாசல் வெயிலில் நிறுத்தியே வைத்த காரின் டயரும் இறுகும். தம்பியின் பெஸ்ட் டைமுக்குப் பாதிக் காரணம் அந்தக் கூர்மை தந்த தைரியம், மீதி அவர் ஓட்டிப் பழகியது என்றே நான் நினைக்கிறேன்.

தண்ணீரில் கணக்கு தலைகீழ்

தேங்கிய தண்ணீரில் டயருக்கு ஒரே வேலைதான்: தண்ணீரை நகர்த்திவிட்டுத் தாரைத் தொடுவது. டயர் சாலையைத் தொடும் இடத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முன் பகுதியில் தண்ணீர் ஆப்பு போல உள்ளே நுழையப் பார்க்கும். நடுவில் மெல்லிய படலமாகிப் பிதுங்கி வெளியேறும். கடைசிப் பகுதியில்தான் ரப்பர் உண்மையில் தாரைப் பிடிக்கும். வேகம் கூடக் கூட முன் பகுதி நீண்டு, கடைசிப் பகுதி சுருங்கும். கடைசிப் பகுதி இல்லாமலே போனால் டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது என்று பொருள்.

கணக்கு போட்டுப் பார்த்தோம். தொடும் அகலம் 18 செ.மீ., தண்ணீர் 5 மி.மீ., வேகம் 80 கி.மீ. ஒரு சக்கரம் ஒரு வினாடியில் விலக்க வேண்டிய தண்ணீர் 20 லிட்டர். வீட்டுக்கு வரும் வாட்டர் கேன் ஒன்று, ஒவ்வொரு வினாடியும். அதுவும் தொடும் நீளம் 14 செ.மீ. என்றால், ஒரு துளி டயரின் முன் விளிம்பில் மாட்டிப் பின் விளிம்பில் வெளியே வர ஆயிரத்தில் ஆறு பங்கு வினாடிதான் இருக்கிறது. அதற்குள் தண்ணீருக்குப் போக இடம் வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் தெறிக்கும், மீதிக்குக் காடிதான் வழி. 8 மி.மீ. காடி 2.6க்கு வந்தால் அந்த வழியில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். பல டயர்களில் காடி அடியில் குறுகிக்கொண்டே போவதால் மிச்சம் அதற்கும் கம்மி. பட்டன் மேலிருக்கும் மெல்லிய கீறல்கள், மெல்லிய படலத்தை உறிஞ்சி உடைப்பவை, எல்லாமே அடிவரை போவதில்லை. பாதித் தேய்மானத்தில் அவற்றில் சில காணாமலே போய்விடும். இந்தக் காரின் பின் டயர்களில் தோள் பக்கக் கீறல், அதாவது ஓரத்தில் இருக்கும் கீறல், ஒன்றுகூட இல்லை.

காற்றழுத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1960களில் அமெரிக்காவின் நாசாவில் வால்டர் ஹார்ன் என்பவர் விமான டயர்களை வைத்து ஒரு எளிய விதியைக் கண்டார்: டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தண்ணீரைக் காடி சமாளிக்க முடியாத நிலைக்குத்தான் அந்த விதி பொருந்தும். அதன்படி 33 பி.எஸ்.ஐ.யில் சுமார் 96 கி.மீ. வேகம் வருகிறது, 26இல் சுமார் 85. கார் டயருக்கு இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் தம்பி ஓட்டிய 80க்கு அது எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று பாருங்கள். முழுதாக மிதக்காவிட்டாலும், அதற்கு முன்பே பிடிப்பில் பெரும் பகுதி போய்விட்டிருக்கும்.

ஏன் பின்பக்கம் மட்டும்

நேராகப் போகும்போது முன் சக்கரம் தண்ணீரை ஒதுக்கிய தடத்திலேயே பின் சக்கரம் வருகிறது. அதனால் பின் டயர் தேய்ந்திருப்பது தெரியவே தெரியாது. வரிசை மாறும்போது இரண்டும் ஒரே தடத்தில் போவதில்லை. பின் சக்கரங்கள் ஒதுக்கப்படாத தண்ணீரில் புதிதாக இறங்கின. இந்த மாதிரி வண்டியில் பின்பக்கம் எடை குறைவு, அதனால் டயர் தொடும் நீளமும் குறைவு. பட்டன் 2.6, உள் ஓரத்தில் 2.1, காற்றும் கம்மி. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதால் எடை முன்னால் சாய்ந்து, பின்னால் இருந்த கொஞ்சமும் போயிற்று. 3.6 மி.மீ. இருந்த முன் சக்கரங்கள் தாரைப் பிடித்துக்கொண்டே இருந்தன. முன்னால் பிடித்து, பின்னால் விட்டால் கார் சுழலத்தான் செய்யும்.

முன் டயர் விட்டிருந்தால்? கார் நேராக வழுக்கியிருக்கும், ஸ்டியரிங் லேசானது கையில் தெரிந்திருக்கும், காலை எடுத்தால் முன்னால் எடை ஏறிப் பிடிப்பு திரும்பியிருக்கும். சாதாரண ஓட்டுநரும் சமாளிக்கக்கூடியது. பின்னால் விடுவது அப்படி இல்லை, தெரியும்போதே முடிந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாதவரம் யார்டில்

இவ்வளவும் பேச்சுதானே, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் தம்பி. எனக்கும் அந்த ஆசை இருந்தது. புதுப்பேட்டையில் அதே அளவில் ஒரு பழைய ரிம் வாங்கினோம். அதே மாடல் புது டயர் நான்கு போட்டு, மேலே இருக்கும் வழவழப்பு போக இரண்டு வாரம் சும்மா ஓட்டச் சொன்னேன். பிறகு மாதவரத்தில் தெரிந்தவரின் லாரி யார்டில் அனுமதி வாங்கி, கேட்டைப் பூட்டிக்கொண்டு, புது ஜோடிகளையும் பழைய ஜோடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். நான்கிலும் 33 பி.எஸ்.ஐ. வேகம் 60. சுண்ணாம்புக் கோடு தாண்டியதும் முழு பிரேக். ஒவ்வொரு செட்டிலும் ஐந்து முறை.

காய்ந்த தரையில் இரண்டு செட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. சில முறை பழையது அரை அடி முன்னதாக, சில முறை புதியது. கோன் வைத்து வளைத்து ஓட்டியதில் பழைய டயர்தான் கைக்கு நன்றாக இருந்தது. அதை நானே ஓட்டி உணர்ந்தேன், புது டயரில் ஸ்டியரிங் ஒரு நொடி யோசித்துத் திரும்புவது போல இருந்தது.

அப்புறம் தண்ணீர் லாரி வந்தது. தரையின் தாழ்வான பகுதியில் தண்ணீர் நிற்கும் அளவுக்கு விட்டோம். புது டயர், காய்ந்த தரையில் நின்ற இடத்தைவிட முக்கால் கார் நீளம் தள்ளி நின்றது. பழைய டயர் அதையும் தாண்டி இன்னும் ஒன்றரை கார் நீளம் போனது. ஐந்து முறையும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். விடாமல் தடதடத்துக்கொண்டே இருந்தது. 60இல் இப்படி என்றால் 80இல் வித்தியாசம் இன்னும் அதிகமாகும், அதை நாங்கள் முயலவில்லை. யார்டும் அவ்வளவு பெரிதில்லை.

தம்பி இறங்கி வந்து அந்த இரண்டு சுண்ணாம்புக் குறிக்கும் நடுவில் நின்றார். "அந்த எடத்துல ஒரு ஸ்கூல் பையன் நின்னிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

கண்டது, செய்தது

என் முடிவு: தேய்ந்த பின் டயர்தான் முதல் காரணம். குறைந்த காற்று அதை மோசமாக்கியது. இறுகிய ரப்பரின் பங்கு மூன்றாவது. காய்ந்த சாலையில் கிடைத்த நல்ல உணர்வு இந்த மூன்றையும் மறைத்து வைத்திருந்தது. பிடிப்பு என்று டயருக்கு ஒரே ஒரு அளவு இருப்பதாக நினைத்ததுதான் அவர் செய்த தவறு. நானும் அளவைப் பார்த்தேன், அது எந்தச் சாலைக்கான அளவு என்று பார்க்கவில்லை.

ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.டி.ஏ.சி. போன்ற அமைப்புகள், பனிக்காலத்துக்கென்று இல்லாத கோடை டயரையே 3 மி.மீ.யில் மாற்றச் சொல்கின்றன. எல்லா டயரும் ஒரே மாதிரி தேய்வதில்லை, நல்ல வடிவமைப்பு 2 மி.மீ.யிலும் தாக்குப்பிடிக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. ஐரோப்பாவில் 2024இலிருந்து புதிதாக அனுமதி பெறும் கார் டயர் வகைகள் தேய்ந்த நிலையிலும் ஈரப்பிடிப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்த வாதம் அங்கே தீரட்டும். பள்ளமும் தேங்கிய தண்ணீருமாக இருக்கும் எங்கள் பகுதிச் சாலைகளுக்கு 3 மி.மீ. என்பதே சரி என்று நான் நினைக்கிறேன், அதுவும் பெர்ஃபார்மன்ஸ் டயருக்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், செப்டம்பரில் 4க்குக் கீழே இருந்தால் மழை முடியும் வரை தாங்குமா என்று கணக்கு போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

கடையில் மாற்றியது இரண்டு. ரொட்டேஷன் செய்யும் முன் நான்கு டயரிலும் மூன்று மூன்று இடத்தில் அளந்து எழுதுகிறோம். முன்னும் பின்னும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆழம் அதிகமுள்ள ஜோடி பின்னால்தான் போகும், இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்குபவருக்கும் அப்படியே. "முன் சக்கரம்தானே இழுக்குது, புதுசை முன்னால போடுங்க" என்று பலர் சண்டை போடுகிறார்கள். மாதவரம் யார்டில் எடுத்த வீடியோவைக் காட்டுகிறேன்.

தம்பி பழைய டயர்களை எறியவில்லை. தனி ரிம்மில் மாட்டி, சுண்ணாம்பில் "வெயில் மட்டும்" என்று எழுதி என் கடையின் பின்சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். டிராக்குக்குப் போகும் நாளில் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து எடுத்துப் போவார், திரும்பி வந்ததும் கழற்றி, புது டயரை மாட்டி, ஆறிய பிறகு 33 வைத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு டெப்த் கேஜைக் கேட்டு வாங்கி அவரே குனிந்து அளக்கிறார். பின் வலது டயரிலிருந்துதான் ஆரம்பிப்பார்.